எந்த வெள்ளை?

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுற்றிலும் கறுப்புத் துணி. நடுவில் ஒரு டிவி. படம் இல்லை, சத்தம் இல்லை. திரை முழுக்க வெறும் வெளிச்சம்.

இஞ்சினியர் நடேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் எங்கள் லைன் லீடர் ரொக்காயா. நான் டிவியின் பின்னால், கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்குரூட்ரைவரோடு.

"சரசு, முன்னால வா. நல்லாப் பாத்துச் சொல்லு. இது வெள்ளையா?"

பார்த்தேன்.

"வெள்ளைதான் சார்."

பக்கத்தில் இன்னொரு டிவி மூடி வைத்திருந்தது. அவர் துணியை எடுத்தார். அதிலும் வெறும் வெளிச்சம்.

"அப்ப இது?"

"இது வெள்ளை இல்ல சார். நீலம் பாஞ்சிருக்கு."

ரொக்காயா மூச்சை இழுத்தாள். எனக்கு அப்போது காரணம் தெரியாது. பிறகுதான் சொன்னார்கள். இரண்டாவது டிவி பேக்டரியின் மாதிரி டிவி. எல்லா டிவியும் அதைப்போல இருக்க வேண்டும் என்று இஞ்சினியர் ரூமில் பூட்டி வைத்திருந்தது. முதல் டிவி நான் சரிசெய்தது.

நடேசன் சார் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ எத மனசுல வச்சு வெள்ளைன்னு சொல்ற?"

"பாலு சார்."

"மாட்டுப் பாலா?"

"இல்ல சார். ரப்பர் பாலு."

அவர் மந்தின் டவுனில் வளர்ந்தவர். ரப்பர் மரத்தை ரோட்டோரமாகப் பார்த்திருப்பார். பாலைப் பார்த்ததில்லை.

மூன்று ஸ்குரூ

ரப்பர் தோட்டத்திலிருந்து செனவாங்குக்குப் பேக்டரி பஸ்ஸில் போன கதையைப் போன வாரம் எழுதினேன். போர்ட்டிக்சனில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "பஸ்ஸில் போனது சரி, உள்ளே போய் என்ன செய்தாய்?" நியாயமான கேள்வி.

கலர் டிவி செய்தோம். அதில் என் வேலை வெள்ளை வைப்பது.

கலர் டிவியில் மூன்று நிறம்தான். சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் அளவாகச் சேர்ந்தால் வெள்ளை. ஒன்று கூடினாலும் வெள்ளை கெடும். வெள்ளை கெட்டால் எல்லாம் கெடும். மனிதர் முகம், வாழையிலை, சேலை, எல்லாம்.

பின்பக்கம் நிறத்துக்கு ஒரு ஸ்குரூ. திரையோ முன்பக்கம். அதனால் டிவிக்கு எதிரே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். கண்ணாடியில் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நின்று திருப்ப வேண்டும். உள்ளே சூடு கொதிக்கும். தூசி வேகிற வாசனை வரும். கையைத் தப்பான இடத்தில் வைத்தால் ஷாக் அடிக்கும். ஒரு தடவை அடித்தது. மறு தடவை வைக்கவில்லை.

ரொக்காயா ரெம்பாவ் பக்கத்துப் பெண். வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம். அதனால் தமிழ் பேசுவாள், மலாய் கலந்து. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி.

"திருப்பு லா. வெள்ளை வந்தா பெர்ஹெந்தி."

வெள்ளை வந்தால் நிறுத்து. அவ்வளவுதான் பாடம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

நான் அப்போது தற்காலிகம். நிரந்தரம் ஆக்குவதா, திருப்பி அனுப்புவதா என்று இஞ்சினியர் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பினால் போக இடம் இல்லை. என் நிரையை மண்டோர், தோட்டத்து மேஸ்திரி, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நிரை என்றால் ஒரு ஆள் பால் வெட்டுகிற மரங்களின் வரிசை. விட்டால் விட்டதுதான்.

தோட்டத்திலும் ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவின் நிரைக்கு இன்னும் கோடாரி வரவில்லை. வரும். வந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். என் வேலை நிரந்தரமானால் செனவாங்கில் ஒரு வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா முன்னமே போய்விட்டார்.

இதுதான் என் திட்டம். வேறு திட்டம் இல்லை.

மண்டோர் வாங்கிய கலர்

கலர் டிவி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பேக்டரி இல்லை. எங்கள் மண்டோர்.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்த புதிதில், மண்டோர் சிரம்பான் போய் ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்தார். மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. அதைத் திரையின்மேல் ஒட்டினார்.

"நம்ம தோட்டத்துக்கும் கலர் வந்தாச்சு" என்றார்.

வந்தது. படத்தில் யார் வந்தாலும் தலை நீலம், மூக்கு சிவப்பு, கால் பச்சை. நாய் வந்தாலும் அப்படித்தான். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். முகம் செக்கச் சிவப்பு. பேசி முடித்து எழுந்தார். முகம் நீலமாகிவிட்டது.

அம்மா பாயில் உட்கார்ந்தபடியே சொன்னார். "இந்த ஆளு உக்காந்தா முருகன், எந்திரிச்சா கிருஷ்ணரு."

மண்டபமே சிரித்தது. மண்டோருக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஓசில பாக்குறதுக்கு வாயப் பாரு பொன்னம்மாவுக்கு."

அம்மாவுக்கும் மண்டோருக்கும் எப்போதும் இப்படித்தான். அந்தத் தாள் மழைக்காலத்தில் ஓரம் சுருண்டு தானாக விழுந்தது. யாரும் திரும்ப ஒட்டவில்லை.

இரண்டு பேர், ஒரே கோளாறு

சிரம்பானில் ஒரு கடைக்காரர் எங்கள் டிவிகளை வரிசையாக அடுக்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார். சில டிவி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பேக்டரிக்குப் போன் வந்தது. டிவிகள் திரும்பி வந்தன.

டிவியைத் திறந்தால் உள்ளே ஒரு பெயிண்ட் புள்ளி இருக்கும். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு நிறம். திரும்பி வந்ததில் பாதி என் புள்ளி. மீதி மாரியாயியின் புள்ளி.

மாரியாயி தம்பின் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். அடுத்த ஷிப்ட். அவள் வரும்போது நான் போவேன். வாசலில் பார்த்தால் சிரிப்போம். அதற்குமேல் பழக்கம் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் கண் பரிசோதனை நடந்தது. பேக்டரி நர்ஸ் புள்ளிப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டாள். எல்லா எண்ணும் தெரிந்தது. இருவருக்கும் கண்ணில் ஒன்றும் இல்லை.

மற்றப் பெண்கள் வைத்த வெள்ளையும் ஒன்றுபோல இல்லை. ஆனால் ஒன்று இந்தப் பக்கம் சாயும், ஒன்று அந்தப் பக்கம் சாயும். எங்கள் இருவருடையது மட்டும் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தது. அங்கேதான் நடேசன் சாருக்கு அரிப்பு ஆரம்பித்தது. வேறு ஆளாக இருந்தால் எங்களை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் கறுப்புத் துணி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு நான் பால் என்று சொன்னதும் மாதிரி டிவியைத் துணியால் மூடினார். பிறகு கேட்டார்.

"உங்க தோட்டத்துக்கு வரலாமா?"

"ரோடு மோசம் சார்."

"காடி போகுமா போகாதா?"

"போகும்."

ரொக்காயா வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "நீ ஏன் அப்படிச் சொன்ன? அது சாம்பிள் டிவி, பொடோ, மடச்சி. பாஸ் டிவியப் பாத்து வெள்ளை இல்லன்னு சொல்றியே."

"கேட்டாரு, சொன்னேன்."

"உனக்கு வாய் கம்மி. அதுவும் தப்பான நேரத்துல தொறக்குது."

பால் ஸ்டோர்

சனிக்கிழமை காரில் வந்தார். காடி செம்மண்ணில் குளித்திருந்தது. அவர் மட்டும் வெள்ளைச் சட்டை. அவர் சட்டை எப்போதும் வெள்ளைதான். கண் கூசும்.

பால் ஸ்டோர் என்றால் நாலு தூணும் தகரக் கூரையும். வெட்டு முடிந்து ஆட்கள் பால் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அம்மோனியா நெடி மூக்கைப் பிடுங்கும். எங்களுக்குப் பழக்கம். சார் கைக்குட்டையை எடுத்தார். யாரும் பார்க்காதபோது திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு கண்ணாடிக் கருவி உண்டு. பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். தண்ணீர் கலந்தால் எடை கூடும். அதனால் சிலர் கலப்பார்கள். பிடிபட்டால் பெயர் கெட்டுப்போகும். எங்கள் லயத்தில் ஒரு பெண்ணைக் கலியாணம் பேச வந்தவர்களிடமே, "அவங்க வீட்டுப் பாலு நீலம் பாஞ்ச பாலு" என்று ஒருவர் சொல்லிவிட்டார். வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

நல்ல பால் கெட்டியாக இருக்கும். அதன் வெள்ளையில் லேசாகச் சூடு இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் ஓரத்தில் நீலம் தட்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் சொல்லித்தருவதில்லை. அந்த வாளிகளைப் பார்த்துக்கொண்டே வளர்கிறோம்.

அன்று காலையில் தூறல். அம்மாவின் முறை வந்தது. மண்டோர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்னா பொன்னம்மா, லிங்கி ஆத்தையே மொண்டுக்கிட்டு வந்துட்டியா?"

"காலைல தூறுச்சே, ஒங்க வழுக்கையில விழலையா மண்டோரே? மரத்துல கட்டுன மங்குல மழ விழுந்தா நான் கொட பிடிச்சுக்கிட்டா நிப்பேன்?"

கிராணி கருவியைப் போட்டுப் பார்த்தார். "கொஞ்சந்தான். மழத் தண்ணிதான்" என்றார்.

சார் மண்டோர் பக்கத்தில் போனார். "அவர் கருவி போடுறதுக்கு முந்தியே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மண்டோர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா தெரியாதா சார்? அந்தா, அந்த வாளியப் பாருங்க. இந்தா, இதப் பாருங்க. அது நீலம் பாஞ்சிருக்கு."

சார் திரும்பி என்னைப் பார்த்தார். அறையில் நான் சொன்ன அதே சொல்.

காடியிலிருந்து ஒரு கட்டு அட்டை எடுத்து வந்தார். எல்லாம் வெள்ளை அட்டை. ஆனால் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒவ்வொன்றாக நல்ல பால் வாளிக்கு மேலே பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"இது?"

"அது சுண்ணாம்பு சார்."

"இது?"

"அது பவுடரு."

"இது?"

"ஆங். அது பாலு."

எல்லோரும் ஒரே அட்டையைத்தான் சொன்னார்கள். மண்டோரும் அம்மாவும்கூட. அவர்கள் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

"இந்த வெள்ளை கொஞ்ச நேரந்தான் சார்" என்றேன். "காஞ்சா கறுத்துப் போகும்."

"அப்ப நீ எந்த நேரத்து வெள்ளைய வைக்கிற?"

"வாளியில ஊத்துற நேரத்து வெள்ளை."

அவர் சிரித்தார். பிறகு தன் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். "எங்கப்பா மந்தின்ல டோபிக் கடை வச்சிருந்தாரு. வெள்ளைத் துணின்னா கடைசித் தண்ணியில நீலம் போட்டு அலசணும். நீலம் போடலன்னா எங்கப்பாவுக்கு அது அழுக்கு. நான் பாத்து வளந்த வெள்ளை அது. நீ பாத்து வளந்த வெள்ளை இது."

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். வாளியைக் கீழே வைத்தார்.

"சார், எம் மவளத் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"அது என் கையில மட்டும் இல்லம்மா. இப்ப ஒன்னும் சொல்ல முடியாது. ஆனா உங்க மக கண்ணு நல்ல கண்ணு."

"கண்ணு நல்லாருந்து என்னா செய்ய. நெரை போயிடுச்சு."

அந்த நேரம் பின்னால் யாரோ பால் ஊற்ற, ஒரு சொட்டு அவர் மார்பில் தெறித்தது.

"ஐயோ, சட்ட! பால் பட்டா போவாது சார்."

"டோபிக் கடைக்காரன் மகன்கிட்டயாம்மா சொல்றீங்க?"

திங்கட்கிழமை அதே சட்டையில் வேலைக்கு வந்தார். மார்பில் கறுப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

பால் தயிரான கதை

இந்தக் கதையை நான் சொன்னால், கேட்பவர்கள் இந்த இடத்தில் என்னைப் பாராட்டுவார்கள். வேண்டாம். அடுத்து நடந்தது வேறு.

சார் ஒரு மீட்டர் வரவழைத்தார். ரப்பர் மூக்கு வைத்த கருவி. திரையில் ஒட்டவைத்தால் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று முள் காட்டும். ஒரு நாள் முழுக்க என் பக்கத்தில் நின்று, நான் வைத்த ஒவ்வொரு வெள்ளையையும் அளந்தார்.

காலையில் வைத்தது எல்லாம் ஒன்றுபோல இருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகு முள் நகர ஆரம்பித்தது. பஸ் நேரம் நெருங்க நெருங்க மஞ்சள் கூடிக்கொண்டே போனது. என் கண்ணுக்கு எல்லாம் அதே வெள்ளைதான்.

"சரசு, சாயந்தரமானா உன் பாலு தயிராகுதே."

எனக்குக் கோபம். முள்ளிடம் கோபித்து என்ன செய்ய.

"உனக்கு மட்டும் இல்ல. எல்லார் கண்ணும் அப்படித்தான். எனக்கும் அளந்து பாத்தேன். நான் சாயந்தரம் வெள்ளை வச்சா, துணிக்கு நீலத்த ரெண்டு தடவ போட்ட மாதிரி ஆகுது."

"அப்ப மீட்டரு வச்சே பாக்கலாமே சார். எங்க கண்ணு எதுக்கு?"

அவர் முகம் மாறியது. அதை அவர் அதுவரைக்கும் யோசிக்கவில்லை என்று தெரிந்தது.

"தெரியல சரசு" என்றார்.

அன்று பஸ்ஸில் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். தப்பாக வைத்ததற்கு அனுப்பினாலும் போக வேண்டும். சரியாக வைக்க மீட்டர் வந்தாலும் போக வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே ஸ்குரூ.

அடுத்த நாள் கேண்டீனில் இரண்டு டிவி வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் சாம்பிள் வெள்ளை, ஒன்றில் என் வெள்ளை. ஒரே நிகழ்ச்சி. சார் எதுவும் சொல்லாமல் ஓரமாக நின்று சோறு சாப்பிட்டார்.

சண்டை தானாக வந்தது. அமோய் என்கிற சீனப் பெண் நீலத்தைக் காட்டி, இதுதான் பளிச்சென்று புதுசாக இருக்கிறது, மற்றது பழைய டிவி மாதிரி என்றாள். ரொக்காயா ஒத்துக்கொள்ளவில்லை. பாடிக்கொண்டிருந்த ஆளைக் காட்டினாள். நல்ல கறுப்பான ஆள்.

"இங்க பாரு, இந்த டிவியில அவன் ஓராங். அந்த டிவியில அவன் ஹந்து."

இங்கே மனிதன், அங்கே பேய். உண்மைதான். நீல வெள்ளையில் அந்த முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என் வெள்ளையில் ரத்தம் ஓடுகிற முகம். ஆனால் கூட்டத்தில் பாதிக்கு மேல் நீலம்தான் வேண்டும் என்றது. கறுத்த முகங்களிலும் பல அதையே சொன்னது. பளிச்சென்று இருக்கிறதாம்.

சார் தட்டைக் கழுவிவிட்டுப் போனார்.

பெரியவர் முன்னால்

பேக்டரிக்கு மேலே ஜப்பான்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ரூமுக்கு என்னையும் ரொக்காயாவையும் கூப்பிட்டார்கள். குளிர்சாதனக் குளிர். நான் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள நினைத்தேன். யூனிபார்மில் முந்தானை இல்லை.

பேச்செல்லாம் இங்கிலீஷ். பெரியவர் ஒன்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ரொக்காயா என் காதில், "இந்த மஞ்சள் டிவி யார் செஞ்சதுன்னு கேக்குறார்" என்றாள்.

நடேசன் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பெரியவரைப் பார்த்து நிதானமாகப் பேசினார். ரொக்காயா கொஞ்ச நேரம் மொழிபெயர்க்க மறந்து நின்றாள். நான் அவள் சட்டையை இழுத்தேன்.

"அவர் சொல்றார், தப்பு அவரோட செக்ஷன்துன்னு. பொண்ணுங்களுக்கு வெள்ளை வையின்னு சொன்னோம். எந்த வெள்ளைன்னு சொல்லல. சாம்பிள பூட்டி வச்சிக்கிட்டோம்."

சார் மேசையில் இரண்டு அட்டை வைத்தார். ஒரு சின்ன பாட்டிலும் வைத்தார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பால். உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றியது. பெரியவர் மூடியைத் திறந்து மோந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்து, இருமி, மூடி, திரும்ப அந்த வெள்ளையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு ஏதோ சொன்னார்.

"அவர் ஊர்ல வெள்ளைன்னா பனியாம்" என்றாள் ரொக்காயா.

சார் இன்னும் பேசினார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மீட்டர். வெள்ளை இரண்டு. வாங்குகிறவரே எது வேண்டும் என்று மாற்றிக்கொள்ள டிவியின் பின்பக்கம் ஒரு சுவிட்ச். மீட்டரைப் பிடிக்கவும் ஸ்குரூ திருப்பவும் ஆள் வேண்டும். பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பழக்குவது நஷ்டம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பெரியவர் தலை அசைந்தது மட்டும்.

வெளியே வந்ததும் ரொக்காயா என் முதுகில் ஒன்று வைத்தாள். "போ, போய் வேலையப் பாரு. நீயும் மாரியாயியும் நிரந்தரம்."

நான் போய் வேலையைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், செனவாங்கில் வீட்டு வாடகை எவ்வளவு என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன்.

அம்மாவின் நிரைக்குக் கோடாரி வந்தபோது செனவாங்கில் வீடு தயாராக இருந்தது.

பின்பக்கச் சுவிட்ச்

கலர் டிவிக்கு நடேசன் சார் செய்தது அந்தச் சின்னச் சுவிட்ச்தான். நகத்தளவு. ஒரு பக்கம் நீலப் புள்ளி, ஒரு பக்கம் மஞ்சள் புள்ளி. நீலத்தில் வைத்தால் சாம்பிள் வெள்ளை. மஞ்சளில் வைத்தால் எங்கள் பால் ஸ்டோர் அட்டையின் வெள்ளை.

உலகத்தில் அவருக்கு முன்னால் வேறு யாராவது செய்தார்களா, எனக்குத் தெரியாது. எங்கள் பேக்டரியில் அவர்தான். அவர் பெயர் எதிலும் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அது ரொம்ப நாள் ஓடவும் இல்லை. கடைக்காரர்கள் நீலத்திலேயே வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் பின்பக்கம் பார்க்கவே இல்லை. டிவியை யார் திருப்பிப் பார்க்கிறார்கள். கொஞ்ச காலத்தில் புது மாடல் வந்தது. சுவிட்ச் போய்விட்டது.

நான் மட்டும் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும், அது எங்கள் பேக்டரி டிவியாக இருந்தால், ஓரமாகப் போய்ப் பின்னால் கையைவிட்டு மஞ்சளுக்குத் தள்ளிவிடுவேன். கலியாண வீடு, காரியத்து வீடு, எதுவானாலும். யாரிடமும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் சொல்வார். "இன்னைக்கு டிவி நல்லா தெரியுதுல்ல?"

எங்கள் வீட்டில் முதல்முதலாக டிவி வாங்கிச் சுவிட்சைத் தள்ளியபோது, அம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்பத்தான் ஆளு ஆளா இருக்கான்."

மந்தின் வீடு

போன மாதம் மந்தின் போனேன். நடேசன் சாருக்குக் கண் ஆபரேஷன் நடந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அவருக்கும் வயதாகிவிட்டது, எனக்கும்தான்.

கறுப்புக் கண்ணாடி போட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். சட்டை இன்னும் வெள்ளைதான். அக்கா, அவர் வீட்டம்மா, தேத்தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சுவரில் பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. தட்டையான டிவி. பின்னால் கையை விட இடம் இல்லை.

பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"சார், ஒங்க வீட்டுலயேவா?"

"என்னா?"

"நீலத்துல ஓடுது."

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரிக்கு இதுதான் புடிக்குது. பளிச்சுன்னு இருக்காம். நான் என்னா செய்ய?"

"நீங்க சொல்லலையா?"

"பேக்டரில சொன்னேன், கேட்டாங்க. இங்க யாரு கேக்குறா."

கொஞ்ச நேரம் இருவரும் பார்த்தோம். யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். சோறு நீலமாக இருந்தது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆபரேஷனுக்கு முந்தி எல்லாம் மஞ்சளா தெரிஞ்சது. இப்ப எல்லாம் நீலமா தெரியுது. டாக்டரு இதுதான் சரிங்கிறாரு. எனக்கே சந்தேகமா இருக்கு." திரையைக் கை காட்டினார். "நீ சொல்லு சரசு. இது வெள்ளையா?"

"எந்த வெள்ளைன்னு கேக்குறீங்க சார்?"

அவர் சிரித்தார். ரிமோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இப்போது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. நாலைந்து பொத்தானை அமுக்கினால், குளிர்ச்சி, சூடு என்று இங்கிலீஷில் கேட்கும். சூட்டை அமுக்கினேன். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. சோறு சோறானது.

அக்கா கரண்டியோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரு, டிவிக்கு மஞ்சப் பூசி வச்சது?"

அன்றைக்கு ஜப்பான்காரப் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டபோது, என் பக்கம் திரும்பாமல் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

இன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேராக என்னைக் கை காட்டினார்.